மஞ்சள் படிவத்தின் கடைசிக் கட்டம்

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் மஞ்சள் படிவங்கள் தொங்கும். என்ன பிழை நடந்தாலும் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே பொறுப்பாளர் சொன்னார். என்னைவிடப் பத்து வயது குறைந்த பெண் அவர். காலில் கம்பளிக் காலுறையோடு திரிவார்.

"அடுத்த ஆள் செய்த பிழையையும் எழுதலாம், நீங்கள் செய்ததையும் எழுதலாம். நீங்கள் செய்ததை எழுதினால் இன்னும் நல்லது" என்றார்.

நான் தலையாட்டினேன். எந்த மடையன் தன்னைத்தானே எழுதிக் கொடுப்பான் என்று மனதுக்குள் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்தவன் நான். அங்கே ஒரு கடிதத்தில் திகதி பிழைத்தால் விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் வரும். அது நம்முடைய உத்தியோகக் கோவையில் ஏறினால் ஓய்வு பெறும்வரை இறங்காது. ஆகவே பிழை விட்டால் முதல் வேலை, மறைப்பது. அதில் நாங்கள் எல்லோரும் விண்ணர்கள்.

இங்கே வந்தபின் இரண்டு இடங்களில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது இடம். "இந்த முறையும் நிப்பாட்டினால் திரும்பவும் வீடு மாறோணுமோ அப்பா?" என்று மகள் கேட்டிருந்தாள். நாங்கள் குடியிருந்த ஹொல்ம்லியாவில் அவளுக்கு அப்போதுதான் ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். இந்த வேலையை மட்டும் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது மாதத்தில் அது நடந்தது.

பன்னிரண்டாம் அறையில் ஓர் ஆச்சி இருந்தார். தொண்ணூறு வயது. தண்ணீர்த்தன்மையான எதை விழுங்கினாலும் புரைக்கேறிவிடும், ஆகவே அவருடைய சூப்பில் ஒரு மா கலந்து தடிப்பாக்கித்தான் கொடுப்போம். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோனால் என் கையை இரண்டு கையாலும் பிடித்து 'தக்' என்று நன்றி சொல்வார். விடவே மாட்டார். மற்ற அறைகளில் தட்டுகள் ஆறிக்கொண்டிருக்கும், நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன். எனக்கு அந்த ஆச்சியில் ஒரு வாரப்பாடு, சொந்த ஆச்சியைப் போல.

எல்லாக் கிண்ணங்களுக்கும் ஒரே வெள்ளை மூடி. மூடியில் அறை எண் பென்சிலால் எழுதியிருக்கும், ஆவி பட்டுப் பட்டு மங்கிப்போயிருக்கும். அன்றைக்கு இருபத்தொன்றுக்குப் போகவேண்டிய சாதாரண சூப்பை நானே பன்னிரண்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஆச்சி இருமத் தொடங்கினார். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது. ஐயோ கடவுளே! கிண்ணத்தைப் பறித்து, நிமிர்த்தி இருத்தி, முதுகைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சீராகிவிட்டது. வேறு யாரும் காணவில்லை. சூப்பைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் பதறிப்போனாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மஞ்சள் கடதாசியைத் தொட்டுப்போடாதையுங்கோ! ஆரும் காணேல்லைத்தானே? இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு. வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

பொத்திக்கொண்டு இருந்தேன்.

பத்து நாள் கழித்து, நான் விடுப்பில் நின்ற அன்று, என்னோடு வேலை செய்யும் நோர்வேஜியப் பெண் அதே மூடியில் அதே பிழையை விட்டார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், மனதுக்குள் அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். இந்தத் தடவை ஆச்சிக்குச் சூப் நுரையீரலுக்குள் இறங்கி, காய்ச்சல் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் கோப்பிக்கு இருந்தபோது அக்காவே தன் மஞ்சள் படிவத்தை வாசித்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"இருபது வருசமா இஞ்சை நிக்கிறன். எனக்குக் கண்ணும் மங்கிப்போச்சு, மூளையும் மங்கிப்போச்சு. இனி நான் நிண்டால் ஆக்களைக் கொண்டுபோடுவன். இந்த மாதத்தோடை விடப்போறன்."

"இது முதலும் நடந்ததோ?" என்று பொறுப்பாளர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. மனைவி சொன்னதும் காதுக்குள் கேட்டது. எதிரே அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணில் ஒரு பழுதும் இல்லை என்பது அந்த மேசையில் எனக்கு மட்டுந்தான் தெரியும். சீ, நானும் ஒரு மனிசனா!

"எனக்கும் நடந்தது" என்றேன். என் நோர்வேஜிய மொழி அன்றைக்கு இன்னும் மோசமாக வந்தது. "அதுக்குப் பத்து நாளைக்கு முதல். அதே மூடி. நான் சொல்லேல்லை."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த துடைக்கும் துணியை என் முகத்தில் எறிந்தார். "ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினார். எறிந்துவிட்டு அழுதார். ஆனால் விடப்போகிறேன் என்ற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

பொறுப்பாளர் எழுந்துபோய் ஆணியிலிருந்து இரண்டு மஞ்சள் தாள்களை எடுத்துவந்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். மற்றதில், இரண்டு வருடமாக ஒரே மாதிரியான மூடிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததாகத் தன்னைப் பற்றி எழுதத் தொடங்கினார். பதினொரு வருட உத்தியோகத்தில் நான் காணாத காட்சி அது. அந்தக் கிழமையே தடிப்பான சூப்புக்குச் சிவப்பு மூடிகள் வந்தன.

தகுதிகாண் காலம் முடிகிற அன்று என்னை அறைக்குள் கூப்பிட்டார். நன்றி சொல்லி அனுப்பப்போகிறார் என்று நினைத்து, கையோடு மேலங்கியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"எனக்கு உங்களிலை இன்னும் கோபம்தான்" என்றார். "அண்டைக்கே எழுதியிருந்தால் அவ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கமாட்டா. ஆனால் இனி நீங்கள் ஒளிக்கமாட்டீங்கள் எண்டு நினைக்கிறன்." நிரந்தர நியமனக் கடிதத்தை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டு முடிய, என் மஞ்சள் படிவத்தையும் எடுத்து வைத்தார். "இது இன்னும் முடியேல்லை."

கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. 'பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட்டதா?' என்று அதில் கேட்டிருந்தது.

ஆச்சி முதல்நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். பாதியாகிவிட்டார். மத்தியானம் சிவப்பு மூடி போட்ட கிண்ணத்தோடும் மஞ்சள் படிவத்தோடும் போனேன். வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். பிழையான சூப்பைத் தந்தது, தொட்டிக்குள் ஊற்றியது, மறைத்தது, அதனால் அவருக்கு வந்தது. அவர் கையை உதறிவிடுவார் என்று காத்திருந்தேன்.

ஆச்சி சிவப்பு மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார். அவர் சொன்னது எங்கள் தமிழில் இப்படித்தான் வரும்:

"இதைப் பார், பசை மாதிரி. ஒரு வருசமா இதைத்தான் தாறியள். அண்டைக்கு நீ கொண்டுவந்ததுதான் சூப். ரெண்டு கரண்டி குடிக்க முதல் பறிச்சுக்கொண்டு ஓடிட்டாய்."

என் கையை அவர் விடவில்லை. மற்றக் கையால், படிவத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்து, கடைசிக் கட்டத்தில் 'ஆம்' என்று கோணல்மாணலாக எழுதினேன்.