கூர் தெரியாத விரல்

பென்சில் வாங்கும் விஷயத்தில் பிலோமின்ராஜ் பெண் பார்க்கப் போகிற மாமியாரைவிட மோசம். பெரிய கடை வீதியில் தாஜுதீன் கடைக்கு வந்தானென்றால், பெட்டியைக் கவிழ்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் பார்ப்பான். கரி மரத்துக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒரு நூல் ஒதுங்கியிருந்தாலும் சீவும்போது முறியும். "பொண்ணுக்கு மாறுகண்ணான்னு பாக்குற மாதிரியில்ல பாக்குறீங்க சார்!" என்பார் தாஜுதீன். அவன் சிரிக்காமல் அடுத்ததை எடுப்பான்.

திருச்சியில் ஒரு சர்க்கார் டிராயிங் ஆபீசில் அவன் டிராப்ட்ஸ்மேன். மெல்லிய கோட்டுக்கு நாலு எச் பென்சில், அழுத்தமான கோட்டுக்கு ரெண்டு எச், எழுத்துக்கு எச்பி. காலையில் போனதும் முதல் வேலை சீவுவதுதான். பிளேடால் மரத்தை நீளமாக இழைப்பான். கரியை உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்ப்பான். கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் நுனியில் குத்திப் பார்ப்பான். சுருக்கென்றால் கூர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஸ்ரீரங்கத்துக்குச் சாக்கடைத் திட்டம் வந்தது. கோயிலைச் சுற்றிச் சுற்றிப் போகும் வீதிகள், எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள். நாலு எச் இல்லாமல் நடக்காது. சீமைப் பென்சில் வரத்து அப்போது நின்றிருந்தது, கிடைத்தது உள்ளூர்ச் சரக்கு. சனியன், எவ்வளவு தேய்த்தாலும் கூரே வரவில்லை. சுண்டுவிரலில் குத்தினால் மொண்ணையாக இருந்தது. இன்னும் தேய்த்தான், கரி ஒடிந்தது. தேய்த்த வரைக்கும் போதுமென்று போட்டு அழுத்தினான், தாள் கிழிந்தது. ஸ்ரீரங்கத்துக்காரரான தலைமை டிராப்ட்ஸ்மேன் சடகோபன் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஓய், எங்காத்து வாசல்லயே ஓட்டை போட்டுட்டீரே!"

"பென்சில் சரியில்லை சார்."

மனுஷப் புத்தி அப்படித்தான். பழியைப் போடக் கையில் என்ன இருக்கிறதோ, அதன்மேல்தான் போடும். சாயங்காலம் ஒரு கை பென்சிலை அள்ளிக்கொண்டு நேரே தாஜுதீன் கடைக்குப் போனான்.

"என்ன பாய், கரியா இது, சாணியா? ஒண்ணாவது கூரா நிக்குதா?"

தாஜுதீன் ஒன்றை வாங்கிச் சும்மா விரலில் வைத்தார். "யா அல்லாஹ்!" என்று கையை உதறினார். ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. "ஊசியாட்டம் இருக்கே சார்! இதையா மொண்ணைங்கிறீங்க?"

"எனக்குக் குத்தலையே. பாருங்க." பிலோமின்ராஜ் அதே பென்சிலைச் சுண்டுவிரலில் அழுத்திக் காட்டினான். முனை உள்ளே இறங்கியது.

தாஜுதீன் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனி முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், ஆறாத பொத்தல்கள். அவர் குரல் இறங்கிவிட்டது. "பென்சிலு நல்லாத்தான் இருக்கு சார். நீங்க நாளைக்கே பெரியாஸ்பத்திரில காமிங்க."

டாக்டர் பஞ்சால் தொட்டார், குண்டூசியால் தொட்டார். முழங்கையில் வெளிறிக் கிடந்த படையைப் பார்த்தார். பெருவியாதிதான், குஷ்டம். "ஆரம்பம். மாத்திரை சாப்பிட்டா நின்னுடும். வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் பயமில்லை. விரல்ல போன உணர்ச்சி மட்டும் திரும்பாது," என்றார்.

அழுகை வரவில்லை அவனுக்கு. பயம்கூட வரவில்லை. யார் வீட்டு வியாதியையோ கேட்டுக்கொண்டவன் போல பஸ் ஏறி, இறங்கி, மேலப்புதூரில் வீட்டுக்கு வந்து, மனைவி அமலராணி போட்ட சோற்றைச் சாப்பிட்டான். அந்த வியாதி வந்தவனை வீட்டில் வைத்திருந்த குடும்பம் எதையும் அவன் பார்த்ததில்லை. தெரிந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணப்பாறைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான் மனசில் ஓடியது. அதுவும் கணக்குப் போலத்தான் ஓடியது.

வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை. மாத்திரையைப் பூட்டி வைத்துத் தின்றான். முதுகுவலி என்று சொல்லித் பாயைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் தனியாகப் படுத்தான். தனக்கென்று ஒரு தம்ளர். மூன்று வயது ரோசரி காலைக் கட்டிக்கொண்டால் நகர்ந்தான். மாதா கோயிலில் சாமியார் குஷ்டரோகி குணமான கதையை வாசித்தபோது எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னான். ஆபீசில் சுண்டுவிரலை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்துக் கூர் வைக்கப் பழகிக்கொண்டான். கோடு பழையபடி வந்தது. சடகோபனே மெச்சினார். அதுவும் உள்ளே இறங்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமலராணி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"யாரு அவ?"

"எவ?"

"மூடி மறைக்க வேணாம். கட்டினவளத் தொடுறதில்ல, பெத்த புள்ளையத் தூக்குறதில்ல. சொல்லிடுங்க, நான் மணப்பாறைக்குப் போயிடறேன்."

பாவி மனுஷன், ஆமாம், ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தான். கெட்டவன் என்று திட்டிவிட்டுப் போவாள், அருவருத்துப் போக மாட்டாள். வாய் திறந்தான். பொய் வரவில்லை. சொல்லிவிட்டான், ஆஸ்பத்திரி, மாத்திரை, எல்லாம்.

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். அடுப்பில் ஏதோ பொங்கியதை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொடாதே ராணி."

அவள் சுண்டுவிரலில் நகத்தை அழுத்தினாள். "தெரியுதா?"

"இல்ல."

உள்ளங்கை ஓரம். "இங்க?"

"இல்ல."

மணிக்கட்டுக்கு மேலே ஏறினாள்.

"தெரியுது," என்றான்.

"வலிக்குதா?"

"வலிக்குது ராணி. விடு."

"வலிக்கட்டும். இத்தனை நாளா எங்கிட்ட சொல்லணும்னு தோணலைல்ல? நல்லா வலிக்கட்டும்." அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. நகத்தை எடுக்கவில்லை. அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.