குறை சொன்ன ஊரும் புகழ்ந்த ஊரும்

ஹாலந்துக்காரனும் பெல்ஜியக்காரனும் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஹாலந்தின் ராட்டர்டாமில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் போய்விடலாம். இரண்டு ஊரிலும் என் காதுக்கு ஒரே பாஷைதான். குணம்தான் மலைக்கும் மடுவுக்கும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் நான் குமாஸ்தா. இங்கிலீஷ் தெரியும் என்பதற்காக முதலாளி என்னை மாதிரித் தோல்களோடு கப்பலேற்றினார். எங்கள் இரண்டு மேஸ்திரிகள் பதனிட்ட ஆட்டுத்தோல், ஆளுக்கொரு கட்டு. எவர் கட்டு விலைபோகிறதோ அவர் நிலைப்பார், மற்றவர் வெளியே போகவேண்டியதுதான் என்று சொல்லியனுப்பினார்.

மாதனூர் மேஸ்திரியின் கட்டை ராட்டர்டாமில் பிரித்தேன். வியாபாரி தோலை மடக்கினான், மோந்தான், நகத்தால் கீறினான். இங்கே கத்தி பட்டிருக்கிறது, இங்கே மெலிசு என்று முகத்துக்கு நேரே அடுக்கினான். காபியோடு ஒரே ஒரு பிஸ்கட்டை எடுக்கவிட்டு டப்பாவை மூடிவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆண்ட்வெர்ப்பில் ராஜ உபசாரம். மற்ற மேஸ்திரியின் தோலைத் தடவித் தடவி, அருமை, அருமை என்றான் அந்த ஊர் வியாபாரி. எனக்குக் கோட்டு மாட்டிவிட்டு, சிரித்தபடி தெருமுனை வரை வந்து வழியனுப்பினான்.

நான் வாணியம்பாடிச் சந்தையில் வளர்ந்தவன். அங்கே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக் குறை சொல்லுகிறவன்தான் வாங்குவான். புகழ்கிறவன் பொழுதுபோக்க வந்தவன். வெள்ளைக்காரனுக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த பிஸ்கட் டப்பாவை நான் மன்னிக்கவில்லை. மாதனூரான் சரக்கு நம் மானத்தை வாங்கிவிட்டது என்று அன்றைக்கே தந்தி அடித்தேன்.

நான் ஊர் திரும்புவதற்குள் அவரை விரட்டிவிட்டார்கள். ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒரு வரி வரவில்லை. ராட்டர்டாமிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. அதே கை செய்த தோல்தான் வேண்டுமாம். ஆர்டர் விஷயத்தைச் சொல்லாமல் ஆளைக் கூட்டிவா, சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வான் என்றார் முதலாளி.

மாதனூர் மேஸ்திரி ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் எஞ்சினுக்குக் கரி வாரிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நம்ம சரக்குல இன்னா கொறை சொன்னான் அந்த வெள்ளக்காரன்?"

"எல்லாமே கொறைதான். நான்தான் மொதலாளி கையக் கால புடிச்சுக் கேட்டேன். வந்துடு. மேஸ்திரியா இல்ல, அந்த இன்னொரு மேஸ்திரிக்குக் கீழ ஆளா."

ஆர்டரை மறைக்க மட்டும்தான் முதலாளி சொன்னார்; மற்றதெல்லாம் நானே சேர்த்துக்கொண்டது.

கரிக் கையோடு அவர் என்னைக் கும்பிட்டார். "உங்க புண்ணியத்துல புள்ளைங்க கஞ்சி குடிக்கும் ஐயா" என்றார். நான் அவர் தோளில் கை போட்டு, ஆண்ட்வெர்ப்காரன் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்போடு, ரயில் வரை நடத்திக் கூட்டிப்போனேன்.