சூடேறாத பிரேக்

உள்ளதைச் சொன்னால், அந்தக் காரை நான் வாங்கியது வீம்புக்குத்தான். பதினெட்டு வருஷம் வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டினேன். அங்கே என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் விர்ரென்று முந்திப் போன ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றை, பழசாக, மூன்றாவது கைக்கு வந்ததாக, கொச்சியில் பிடித்து ஊருக்கு ஓட்டி வந்தேன். பரளச்சிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரே கூடிவிட்டது. "ரெண்டே சீட்டுத்தானா? ஒரு ஆட்டுக்குட்டியக்கூட ஏத்த முடியாதேப்பா" என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மட்டும்தான் காரைத் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்கு தம்பி" என்றாள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள்.

ஆறே மாதத்தில் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. அருப்புக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். டிராக்டரும் லோடு வேனும் பார்க்கிறவர், என்னைவிட இளையவர். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்கின் விளிம்பில் நகத்தை வைத்துக் காட்டினார். நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது.

"பேடு மட்டும் மாத்துனாப் பத்தாதுண்ணே. டிஸ்கும் தேஞ்சுபோச்சு. ரெண்டையும் சேத்து மாத்திருவோம்" என்றார்.

எதை வாங்கலாம் என்று தேடி ஒரு வாரம் போனும் கையுமாகக் கிடந்தேன். சோறு ஆறிப்போகும், என் மனைவி கத்துவாள், எனக்குக் காதிலேயே விழாது. கடைசியில் பந்தயக் கார்களுக்கு என்று செய்த பேடுகளையும், துளை போட்ட டிஸ்குகளையும் வரவழைத்தேன். மெக்கானிக் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது ரேசு ஓட்டுறவுகளுக்குண்ணே. நல்லாச் சூடேறுனாத்தான் பிடிக்கும். நம்ம ரோட்டுல இது எப்பச் சூடேற? கம்பெனில போட்டு வந்த மாதிரி சாதாவே போட்டுக்கிருவோம்."

"டிராக்டருக்குக் கிரீஸ் வைக்கிற ஆளு, எனக்குப் புத்தி சொல்றியாக்கும்?" என்று பத்துப் பேர் நடுவில் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மாட்டித் தந்தார். உண்மை என்னவென்றால், பிடிக்குமா பிடிக்காதா என்று நான் பார்க்கவே இல்லை. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே அந்தத் துளைகள் தெரிவது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அது தை மாதம். எங்கள் பக்கம் குதிரைவாலி அறுப்பு முடிந்ததும் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி, மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். எந்த வண்டியும் அதைக் கண்டதும் மெதுவாகிவிடும். அதனால் கதிரைக் கிண்டிவிடுகிறவர்கள் அவசரப்பட்டு ஒதுங்க மாட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் வண்டியே வந்தாலும் இரண்டு தடவை கிண்டிவிட்டுத்தான் நகர்வார்கள்.

பேடு மாற்றிய மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், வண்டியை எடுத்தேன். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, பிரேக்கில் காலே வைக்கவில்லை. வளைவு திரும்பியதும் ரோடு முழுக்கக் கதிர். நடுவில் கிண்டிக்கொண்டு அக்கா. என்னைப் பார்த்து நிமிர்ந்தாள், கையைத் தூக்கிக்கூடக் காட்டினாள். நான் பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. வேகம் குறையவில்லை. அதற்குள் சக்கரம் கதிர்த்தாளில் ஏறி வழுக்கியது. பிரேக்கைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. பிரேக் நன்றாகவே இருந்தாலும் அந்த வளைவில் அந்த வேகம் கூடாது. அக்காவின் தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. அவளைத் தூக்கி அந்தத் தாழ்ந்த சீட்டில் திணித்தேன். அவள் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. கொஞ்ச தூரம் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "களத்துல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருவோம். கேசு கீசுன்னா நீ தாங்க மாட்ட." நான் சரி என்றேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, உடனே சரி என்றேன். ஆஸ்பத்திரிக்காக அருப்புக்கோட்டைக்குள் நுழையும்போது மாடுகள் குறுக்கே வந்தன. காலை வைத்தேன், அச்சடித்தாற்போல நின்றது. அதற்குள் சூடேறிவிட்டிருந்தது.

நாலு மாதம் காரைத் தொடவில்லை. பிறகு ஒருநாள், உருட்டிக்கொண்டு போகிற மாதிரி, மெதுவாக மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன்.

"சாதா பேடு, சாதா டிஸ்கு போட்டுருப்பா" என்றேன்.

"இது புதுசாவுல்ல இருக்கு. ஏண்ணே?"

"சத்தம் வருது."

அவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. சாதாவையே எடுத்து மாட்டினார். அன்றைக்கு அத்தனை பேருக்கு நடுவில் அவரை அவமானப்படுத்தினேன். இன்றைக்குப் பொய்யும் சொல்லிவிட்டேனே என்று வழியெல்லாம் மனசு அறுத்தது. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அக்கா வீட்டுக்குத் திருப்பினேன்.

வாசலிலேயே மச்சான் குரல் கேட்டது. அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு நடக்கப் பார்த்திருக்கிறாள், தம்ளர் உருண்டிருக்கிறது.

"பாத்து நடக்கத் துப்பில்ல. எத்தன வருசமாப் போயிவார களம், அதுல போயி விழுந்து காலை ஒடச்சுக்கிட்டா. பொறவு எல்லாரு உசுரையும் எடுக்கா. வாங்க மாப்ள, ஒங்க அக்காவ நீங்களே கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நாலு மாதமாக இந்தப் பேச்சை வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அக்கா களத்துல விழுகல மச்சான். நாந்தான் ரோட்டுல காரை விட்டு ஏத்திட்டேன். பிரேக்கு பிடிக்கல. பிடிக்காதுன்னு சொன்னாங்க, நாந்தான் கேக்கல."

மச்சான் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உருண்ட தம்ளரை எடுத்து வைத்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"வண்டி வாரதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் ஒதுங்கல?"

அக்கா அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

"அந்த வேகத்துல வேற யாரு வந்திருந்தாலும் ஒதுங்கிருப்பேன். தம்பியாச்சேன்னு நின்னேன்."