செருப்பைக் கையில் பிடித்து நடக்கும் தெரு

எங்கள் மகன் முகிலுக்கு இருபது வயது. சிறப்புப் பள்ளியில் பதினெட்டோடு வழியனுப்பி விட்டார்கள். அதன் பிறகு டி.வி., சாப்பாடு, தூக்கம். எங்களைப் போல ஐந்து குடும்பங்கள் தஞ்சாவூரில் இருக்கிறோம். மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மையம் ஒன்றைத் தொடங்கலாம் என்று பேசிப் பேசி ஒரு வருடம் ஓடிவிட்டது. பேசினது போதும், நடக்கிற இடத்தைப் போய்ப் பார்ப்போம் என்று பங்குனிக் கடைசியில் நான் மட்டும் கிளம்பினேன். என்னைப் போலத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை. ஏன் என்பது படித்தால் புரியும்.

தஞ்சாவூரில் காலை ஆறேகாலுக்கு நாகப்பட்டினம் பேருந்து. திருவாரூர் வழியாகக் கீழ்வேளூர் எழுபது கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம், கட்டணம் அறுபத்தைந்து ரூபாய். கீழ்வேளூரிலிருந்து ஊருக்கு டவுன் பஸ் உண்டு, பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் அது எப்போது வரும் என்று கடைக்காரரிடம் கேட்டால் சிரிக்கிறார். ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது.

"நெல் குடோன்ல நடக்குதே, அந்த மையமா? ஏறுங்க. வாய்க்கால் பாலம் வரைக்கும்தான் வண்டி போகும். பாலத்தை இடிச்சுப் போட்டிருக்காங்க. அப்புறம் தெரு வழியா நடக்கணும்" என்றார் ஓட்டுநர்.

சம்பா அறுத்த வயல்களில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒன்பதரை மணிக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாலத்தின் ஓரமாகப் போட்டிருந்த பலகையைத் தாண்டித் தெருமுனைக்கு வந்தபோது, எனக்கு முன்னால் போன ஒருவர் நின்றார். அறுபதை நெருங்கும் வயது, நன்றாகத் தேய்த்த சட்டை, கையில் டிபன் பை. குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினார். ஒன்றோடு ஒன்றைத் தட்டி, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தார். தெருவுக்குள் கோயில் இருக்கிறது போல என்று நினைத்து நானும் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டேன். பாதம் தரையில் பட்டதும் சுரீர் என்றது. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வீடுகள்தான். கோயில் எதுவும் இல்லை.

முந்நூறு மீட்டர் நீளத் தெரு. அதன் மறுகோடியில் மையம். உள்ளே போனதும் அவர் செருப்பைக் கீழே வைத்தார். ஒரு பெண் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்து அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். பாதம் சிவந்து கன்றியிருந்தது, வலது காலில் இரண்டாவது விரல் இல்லை.

ஓடிவந்தவர் ரெஜினா டீச்சர். மையத்தை நடத்துபவர். செருப்பை இடுக்கி வந்தவர் மாரிமுத்து, மையத்துக்குத் தினமும் வருகிறவர்களில் ஒருவர். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. போன கோடையில் இதே தெருவில் கொப்புளம் வந்து, புண்ணாகி, விரலை எடுத்தார்கள். இன்னொரு முறை புண் வந்தால் பாதமே போகும் என்று நாகப்பட்டினம் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்கென்று மெத்தென்று ஒரு செருப்பு செய்து கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் போடுகிறார். இந்த ஒரு தெருவில் மட்டும் போட மாட்டார்.

ஏன் என்று கேட்டேன். "அவர் சின்னப் பையனா இருக்கும்போது அவங்க ஆளுங்க இந்தத் தெருவில செருப்புப் போட்டு நடக்கக் கூடாது மேடம்" என்றார் டீச்சர். நான் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவள், இதற்கு மேல் விளக்கம் கேட்டால் அது நடிப்பு.

மாரிமுத்து சிறுவனாக இருந்த அந்தக் காலத்திலேயே சென்னையில் ஆட்சி மாறியிருந்தது, கொடிகள் மாறியிருந்தன, மேடையில் பேசாத பேச்சில்லை. இங்கே கூலிக்கும் குத்தகைக்கும் அடிதடியும் வழக்குமாகப் பல வருடங்கள் போயிருக்கின்றன. மையம் நடக்கிற குடோன்கூட அப்படி ஒரு குத்தகை வழக்கு சமாதானமானபோது பஞ்சாயத்துக்கு வந்ததுதான். முன்பு மையம் காலனிச் சமுதாயக் கூடத்தில் நடந்ததாம். அதன் கூரை பெயர்ந்து விழ ஆரம்பித்ததும் இங்கே மாற்றினார்கள். எல்லாரும் மகிழ்ச்சியாக வந்தார்கள். மாரிமுத்து தெருமுனையில் செருப்பைக் கழற்றினார்.

நமக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான் வரிசையாக யோசனை சொன்னேன். ஸ்கூட்டரில் கூட்டி வரலாமே? தெருமுனையில் குதித்து இறங்கிவிடுகிறார். வண்டியில் உட்கார்ந்து போவதும் அன்று கூடாது. செருப்பை வார் வைத்துக் காலோடு கட்டிவிடலாமே? கட்டினார்களாம், ரோட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். வேறு வழி? வாய்க்கால் கரை இருக்கிறது, ஆனால் கருவேல முள். கடைசியில் தெருக்காரர் ஒருவரையே சொல்ல வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய சந்திரசேகர். அவர் தினமும் வாசலில் நின்று, "போட்டுக்கிட்டுப் போங்கண்ணே, ஒண்ணும் இல்ல" என்பார். அவர் வாயைத் திறந்தாலே மாரிமுத்து இடுப்பை வளைத்துக் கும்பிட்டுவிட்டு ஓடுகிறார். ஓடினால் கால் இன்னும் மோசமாகிறது. சந்திரசேகர் இப்போது அந்த நேரத்தில் வெளியே வருவதில்லை.

மையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டுப் பேர் வருகிறார்கள். ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை. நாற்றுப் பைகளில் மண் நிரப்புகிறார்கள், பினாயில் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள், மதியச் சமையலுக்குக் காய் நறுக்குகிறார்கள். நடவும் அறுப்பும் நடக்கிற நாட்களில்தான் மையம் நிரம்பும். அம்மா அப்பா இரண்டு பேரும் வயலில் இருப்பார்கள். முன்பெல்லாம் அந்த நாட்களில் பிள்ளையைக் கட்டில் காலில் சேலையால் கட்டிவிட்டுப் போவார்களாம். சொன்ன தாய் அங்கேயே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாரிமுத்துவின் வேலை மண் நிரப்புவது. ஒரு பை சாய்ந்தாலும் எழுந்து போய் நிமிர்த்துகிறார்.

மாலையில் டீச்சரோடு மாரிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அக்கா அஞ்சலை, எழுபதை நெருங்குகிறவர், சத்துணவில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் கோயம்புத்தூரில் பொறியாளர். தம்பியை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே இருக்கிறார். சொல்லி மாரிமுத்துவுக்கு ஏறாது, நம்புகிற ஆள் செய்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் ஏறும் என்பது டீச்சரின் அனுபவம். அஞ்சலை அக்கா அந்தத் தெருவில் செருப்போடு நடந்து காட்ட வேண்டும் என்று டீச்சர் இரண்டு மாதமாகக் கெஞ்சுகிறார்.

"நான் அந்தத் தெருவுக்கே போறதில்ல டீச்சர். கரை வழியாத்தான் போவேன். எனக்கு அங்க என்ன வேலை?" என்றார் அக்கா.

பிறகு அக்காவே என்னைப் பார்த்துச் சொன்னார். "யாரோ தூக்கிப் போட்ட டயர் செருப்பு. அதைப் போட்டுக்கிட்டு அந்தத் தெருவில ஓடிட்டான். பண்ணைக் காரியக்காரர் புளிய விளாறால அடிச்சாரு. அப்பாவுக்குக் கூலியும் நிறுத்திட்டாங்க. அப்புறம் எங்கம்மா தினம் விடியக்காலம் இவனைத் தெருமுனைக்குக் கூட்டிட்டுப் போயி கழட்ட வச்சாங்க. கழட்டலைன்னா அடி. எங்களுக்கெல்லாம் ஒரு நாள்ல புரிஞ்சிருச்சு. அவனுக்கு ஒரு மாசம் ஆச்சு. அதான் போக மாட்டேங்குது."

முகிலுக்குப் பல் தேய்க்கப் பழக்கவே ஏழு மாதம் ஆனது. அந்த அம்மா எவ்வளவு பயந்திருந்தால் ஒரு மாதம் விடாமல் நடத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அடிக்கிறவர்கள் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள், பாடம் நடத்தும் வேலை பெற்றவள் தலையில் விழுந்தது. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் காட்டுவது?

மறுநாள் காலை தெருமுனையில் அஞ்சலை அக்கா நின்றிருந்தார். புதுச் செருப்பு, வெளுத்த சேலை. டீச்சரும் நானும் பத்தடி தள்ளி நின்றோம். மாரிமுத்து வழக்கம்போலக் கழற்றி இடுக்கிக்கொண்டார். அக்கா கழற்றாமல் தெருவுக்குள் காலை வைத்தார். நாலு வீடு தாண்டினார். மாரிமுத்து முதலில் பார்க்கவில்லை. பார்த்ததும் ஒரு சத்தம் போட்டார், அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஓடிப்போய் அக்காவின் காலடியில் மண்டியிட்டு, செருப்பைப் பிடித்து இழுத்தார். ஒவ்வொரு வாசலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.

"விடுடா. அடிக்க யாரும் இல்லடா. பாரு, யாரும் இல்ல."

அவர் விடவில்லை. ஒரு செருப்பு கையோடு வந்துவிட்டது. அதையும் தன்னுடையதோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அக்கா ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் மையம் வரை நடந்தார். வாசலில் வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கும் வரேன் டீச்சர்" என்றார். எனக்கு அன்று மதியம் பேருந்து.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தங்குவதற்கு நாகப்பட்டினம்தான் வசதி, கீழ்வேளூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், சுமாரான அறைக்குத் தொள்ளாயிரம் வாங்கினார்கள். தண்ணீரும் குடையும் கட்டாயம். எந்த மையத்துக்குப் போனாலும் முதல் நாளே டீச்சருக்குச் சொல்லிவிடுங்கள், போட்டோ எடுக்காதீர்கள். எத்தனை அறை, என்ன கட்டணம் என்பதெல்லாம் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம். காலையில் போய், பிள்ளைகள் வீட்டிலிருந்து வருகிற வழியில் அவர்களோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். நாங்கள் தஞ்சாவூரில் பார்த்து வைத்திருந்த இடத்துக்கு அப்படி நடந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடுகிறோம்.

இதை எழுதி முடிக்கும்போது மூன்று வாரம் ஆகிவிட்டது. நேற்று ரெஜினா டீச்சரோடு பேசினேன். அஞ்சலை அக்கா ஒரு நாள்கூடத் தவறவில்லையாம். இந்த வாரம் மாரிமுத்து செருப்பைப் போட்டுக்கொண்டே தெருவைத் தாண்டிவிட்டார். நான் ஃபோனிலேயே அழுதுவிட்டேன். "முழுசாக் கேளுங்க மேடம்" என்றார் டீச்சர். இவ்வளவு நாளும் அக்காவுக்குப் பின்னால் வந்தவர், இப்போது முன்னால் போகிறாராம். ஒரு கையைப் பின்னால் நீட்டி, அக்காவைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாசலையும் பார்த்துப் பார்த்து நடக்கிறாராம். ஏண்டா இப்படிப் போற என்று அக்கா கேட்டதற்குத் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டியிருக்கிறார். அடி விழுந்தால் தனக்கு விழட்டும் என்று.

கால் ஆறி வருகிறது. அடுத்து அக்காவுக்குப் பக்கத்தில் நடக்கப் பழக்க வேண்டும் என்றார் டீச்சர். எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்கவில்லை.