மாமா உட்காராத நாற்காலி

அந்த நாற்காலியின் நிறம் ஆரஞ்சு. பெங்களூர் விமான நிலையத்தில் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைசி நாற்காலி அது. அதன் ஓரத்தில் யாரோ சிகரெட்டால் சுட்ட கறுப்பு வடு ஒன்று இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஐப்பசி மாத மாலையில், என் தாய்மாமன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விமானத்தை நோக்கி நடந்த நான் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. மாமா அதன் முதுகைக்கூடப் பிடித்துக்கொள்ளாமல் நின்றார். விமானத்துக்குப் பயந்து, வயசுப் பெண்ணைத் தனியாக ஏற்றிவிட்டு ஓடிவந்த ஆள் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அவரைச் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணப் பந்தியில் இந்தக் கதை வராமல் பாயசம் வராது. சிரிக்கட்டும். அவர்களில் ஒருவரும் அந்த விமானத்தில் இல்லை.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே நடந்து போகவேண்டிய ஊர். சாமையும் புளியும்தான் பிழைப்பு. வருஷத்துக்கு ஒரு பருவம் பாறைத்தேன் எடுப்பார்கள். செங்குத்துப் பாறையின் நடுவில் தொங்கும் அடைக்கு என் அப்பா கயிற்றில் இறங்குவார். மேலே நின்று கயிற்றைப் பிடிப்பவர் மாமா. இறங்குகிறவனின் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்கு நிலத்தில் பங்கு உண்டு, ஒருவன் விழுந்தால் மற்றவனுக்கு ஒரு காணி கூடும். மச்சானுக்கு அந்த ஆசை வராது, ஏனென்றால் கயிறு நழுவினால் அறுபடுவது அவனுடைய அக்காவின் தாலி. மனிதர்களை இவ்வளவு சரியாக எடைபோட்டு வைத்த சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. தொங்குகிறவனின் கால் தரையில் படும்வரை, கயிறு பிடிக்கிறவன் உட்காரக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கயிற்றை மரத்தில் எத்தனை சுற்று சுற்றிக் கட்டியிருந்தாலும் அவன் நின்றுதான் ஆக வேண்டும்.

வேலூரில் நர்ஸ் படிப்பை முடித்ததும் எனக்கு வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. எங்கள் மலையில் அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. ஊர் கூடிப் பேசியது. மலையை விட்டு இறங்கியவள் திரும்பி வருவாளா, மாமன் மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது முறைப்பெண்ணை எப்படி அனுப்பலாம் என்று பெரியவர்கள் கேட்டார்கள். என்னைக் கேட்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை. அப்போது மாமா எழுந்தார்.

"மொறை என்னுது. கேக்கணும்னா நாந்தான் கேக்கணும். நான் கேக்கல. அது போவட்டும்" என்றார்.

அவ்வளவுதான் பேசினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அத்தை அதற்கப்புறம் நெடுநாள் அவரோடு பேசவில்லை. அப்பா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். பம்பாயில் விமானம் ஏறும்வரை மாமா என்கூட வர வேண்டும். "நீ புடிச்சுக்க மச்சான்" என்று பாறை விளிம்பில் நின்று சொல்வதைப் போலவே சொன்னார். மாமா தலையாட்டினார்.

மலையிறங்கி, சந்தவாசல் வந்து, கண்ணமங்கலத்தில் பஸ் பிடித்து மெட்ராஸ் போய்ச் சேர்ந்தோம். அங்கே போனால், ஆந்திரப் பக்கம் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட்டது, பம்பாய் ரயில் கிடையாது என்றார்கள். மறுநாள் காலையில் பம்பாயிலிருந்து போகும் விமானத்தில் நான் இல்லாவிட்டால் அந்த வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விடும் என்று வேலைக்கு ஏற்பாடு செய்த ஏஜெண்ட் கறாராகச் சொன்னார். என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி அவரே எனக்கு பம்பாய்க்கு விமான டிக்கெட் எடுத்தார். மாமா தன் டிக்கெட்டுக்கு, புளி விற்று இடுப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். இப்படித்தான் பகல் சாப்பாட்டு நேரத்துக்குமேல் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாக ஒரு விமானத்துக்குள் கால் வைத்தோம். மாமா வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பணிப்பெண் சிரித்தாள். பாறைக்குப் போகிறபோதும் அவர் செருப்புப் போடுவதில்லை.

ஏறின கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் அழகாகத்தான் இருந்தது. தட்டில் மிட்டாய் வந்தது, காதில் வைக்கப் பஞ்சு வந்தது. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம் கருத்தது. முதலில் மாட்டுவண்டி ஆட்டம். பிறகு விமானம் அப்படியே விழுந்தது. விழுந்தது என்று நான் சும்மா சொல்லவில்லை. என் மடியிலிருந்த கைப்பை கூரையில் போய் மோதியது. தலைக்கு மேலிருந்த மூடிகள் திறந்து பெட்டிகள் கொட்டின. பக்கத்து வரிசையில் ஒருவருடைய நெற்றி பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் நர்ஸ், எழுந்துபோய்க் கட்டியிருக்க வேண்டும். ஆனால் என் கை பெல்ட்டின் கொக்கியை விட மறுத்துவிட்டது. விமானம் ஏறும், மறுபடி விழும். அதற்கு நடுவில் இடப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றுபோனது. அந்த இரைச்சலைவிட அது நின்றதுதான் என்னைக் கொன்றது. யாரோ அழுதார்கள், யாரோ வாந்தி எடுத்தார்கள், பின்னால் ஒரு அம்மாள் தன் பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். செத்துவிட்டோம் என்றே நினைத்தேன். செத்தால் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது சரியாகிவிடுமே என்கிற எரிச்சலும் அந்தப் பயத்துக்குள் இருந்தது. இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

மாமா பெல்ட்டின் மிச்ச வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தார். வெறும் காலை முன் சீட்டின் அடியில் உதைத்து ஊன்றியிருந்தார். எல்லாரையும் குனியச் சொன்னார்கள். அவர் குனியவில்லை. முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை, மேலே கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் காதருகில் வந்து கேட்டார்.

"பாப்பா, இதுக்குக் கயிறு யார் கையில கீது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிர் போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது.

ஒற்றை எஞ்சினோடு எங்களை பெங்களூரில் கொண்டுவந்து இறக்கினார்கள். தரையைத் தொட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள், பிறகு அழுதார்கள், அதற்கும் பிறகு சண்டை போட்டார்கள். மாற்று விமானம் வருகிறது, சாயங்காலம் பம்பாய்க்குப் புறப்படும், வருகிறவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். இங்கிருந்து வேலூருக்கு பஸ் இருக்கிறது, பொழுது விடிந்தால் வூட்டில் இருக்கலாம், வேலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்றேன். மாமா கையை விடுவித்துக்கொண்டு, விமானம் ஓட்டினவரைப் பார்க்க வேண்டும் என்றார். கூடத்தில் பெட்டி தூக்குகிற ஒரு ஆள் ஆம்பூர்க்காரர். அவரைப் பிடித்து மாமா நச்சரித்த நச்சரிப்பில், விமானி அந்தப் பக்கமாக வந்தபோது ஆம்பூர்க்காரர் நிறுத்திக் கேட்டே விட்டார். விமானி மீசை நரைத்த மனிதர், கண் சிவந்து களைத்திருந்தார். மாமா கும்பிட்டார். சாயங்காலமும் நீங்கதான் ஓட்டுவீங்களா என்று ஆம்பூர்க்காரர் மூலம் கேட்டார். ஆமாம், நானும் உங்களோடுதான் வருகிறேன், பயப்பட வேண்டாம் என்று விமானி சிரித்தபடி சொன்னார். தைரியம் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது.

"அவரும் நம்மகூடத்தான் தொங்குறாரு. அப்ப கீழ யாரு?"

கீழே கோபுரத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வழி சொல்வார்கள் என்று விமானி பொறுமையாக விளக்கினார். "உக்காந்துகினா?" என்று கேட்டுவிட்டு மாமா ஆம்பூர்க்காரரைப் பார்த்தார். ஆம்பூர்க்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை.

 விமானி போனதும் மாமா தன் டிக்கெட்டை என் கையில் கொடுத்து, நீ மட்டும் போ என்றார். எனக்குப் புரியவே இல்லை. உனக்குப் பயமா மாமா என்று கேட்டேன்.

"பயந்தான். அதை வுடு. ரெண்டு பேரும் தொங்குனா எப்பிடி பாப்பா, ஒர்த்தன் பாறை மேல நிக்கணும்ல. நீ போ. உன் காலு தரையில படுற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

நான் அவரை நம்பவில்லை. பயத்துக்கு ஜோடித்த சாக்கு என்றுதான் நினைத்தேன். ஊரில் எனக்காக எழுந்து நின்ற மனிதர் இங்கே கைவிட்டுவிட்டாரே என்று நெஞ்சு கொதித்தது. கோபம் வந்தால் எனக்குப் பயம் மறந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ நின்னுக்க, நான் போய்க் காட்டறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டித் திரும்பிப் பார்த்ததுதான் நான் முதலில் சொன்ன காட்சி. அன்றைக்கு நான் மட்டும் திரும்பியிருந்தால், எனக்குப் பின்னால் எங்கள் மலையிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன பெண்களில் எத்தனை பேரை வீட்டில் போக விட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊரே என்னைக் காட்டித் தடுத்திருக்கும். பம்பாய் வரையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, விமானம் ஒருமுறைகூட ஆடவில்லை.

மீதிக் கதையை முதல் லீவில் ஊருக்கு வந்தபோது அம்மாதான் சொன்னாள். மாமா தனியாக மலையேறி வந்ததும் ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டதாம். பெண்ணை விட்டுவிட்டு ஓடிவந்தாயா என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். அப்பா சாமை புடைக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்தாராம். அப்பா கைநீட்டிவிடுவார் என்று அம்மா பயந்திருக்கிறாள்.

"உக்காந்தியா மச்சான்?"

"உக்காரல."

"எறங்கிட்டாளா?"

"எறங்கிட்டா. அங்கியே பம்பாய்க்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாங்க. அப்புறந்தான் தண்ணி கேட்டேன்."

 அப்பா அம்மாவிடம், மச்சானுக்குச் சோறு போடு என்றார். ஊர் அத்தோடு விடவில்லை. கயிறு பிடிக்கத் தைரியமில்லாத ஆள் என்று பேசினார்கள், அடுத்த தேன் பருவத்துக்கு வேறு ஆளைப் பார் என்று அப்பாவுக்கு யோசனை சொன்னார்கள். அந்தப் பருவத்தில் அப்பா, ஊரில் யாரும் இறங்கத் துணியாத உயரப் பாறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் பார்த்திருக்க இடுப்பில் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை மாமாவின் கையில் கொடுத்தார். மாமா கடைசிவரை நின்றார். எங்கள் அப்பா ஊருக்குச் சொன்ன பதில் அவ்வளவுதான். அம்மா இதைச் சொல்லி முடித்தபோது நான் எழுந்து மாமா வூட்டுக்குப் போனேன். அவர் புளி உலுக்கிக்கொண்டிருந்தார். அழுதேன். இன்னா பாப்பா, கண்ணுல தூசியா என்றார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை பறந்திருக்கிறேன். எந்த நாளில் ஏறுகிறேன் என்று முன்கூட்டியே ஊருக்குத் தெரிவித்துவிடுவேன். நேரம் எல்லாம் மாமாவுக்குத் தெரியாது. அதனால் அந்த நாள் முழுக்க உட்கார மாட்டார். நின்றுகொண்டே உழுவார், நின்றுகொண்டே ஊர்க்காரர்களின் கிண்டலையும் கேட்டுக்கொள்வார். பயந்தாங்கொள்ளி என்றால், "ஆமா, பயந்துகினேன். நீ ஒருவாட்டி ஏறிட்டு வந்து பேசு" என்பாராம். பொழுது விழுந்துவிட்டால் விமானமும் இறங்கியிருக்கும் என்பது அவர் கணக்கு. அப்புறம்தான் சொம்பை எடுப்பார். சாகும்வரை ஒரு தடவையும் தவறவில்லை.

இப்போது நான் வேலூரில் இருக்கிறேன். ஓய்வு பெற்றாயிற்று, மூட்டும் தேய்ந்தாயிற்று. என் மகள் வேலைக்காக மாதத்துக்கு இரண்டு மூன்று முறை பறக்கிறாள். எஞ்சின் எப்படி ஓடுகிறது, கோபுரத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். விமானம் எங்கே போகிறது என்று போனிலேயே புள்ளியாகத் தெரிகிறது, கால் வீங்க இப்படி நிற்பானேன் என்று வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையிலிருந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறேன். நேற்றும் அப்படித்தான், மழை நாள், அவள் விமானம் நேரம் கடந்தும் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நான் காலி நாற்காலிக்குப் பக்கத்தில், அதன் முதுகைத் தொடாமல் நின்றேன். முழங்கால் விண்விண் என்றது. கடைசியில் போன் அடித்தது.

"அம்மா, காலு தரையில பட்டுடுச்சு. உக்காரு."

உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.