அப்பா திருப்பிய கப்பல்

பதினோரு வயதில் நான் எழுதிய நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பது பக்கம், கோடு போட்டது, அட்டையில் எண்ணெய்க் கறை. அதில் எந்தப் பக்கத்திலும் மாதமோ தேதியோ கிடையாது. "தடை 1", "தடை 2" என்றுதான் இருக்கும். மீன்கள் முட்டையிடும் கோடையில் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று அரசு தடை போடும். அப்பா விசைப்படகில் வேலை பார்த்தார். மற்ற மாதங்களில் நாங்கள் எழுவதற்கு முன் போய்விடுகிறவர், அந்த நாட்களில் மட்டும் முழு ஆளாக வீட்டில் இருப்பார். அதனால் அந்த நாட்களை எண்ணினேன். தேதிகளின் மேல் எனக்கு இருக்கும் பைத்தியம் அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டு நோட்டின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், "கொள்ளைக்காரக் கப்பல்: நாலு பேர் சண்டை" என்று தலைப்பு இருக்கிறது. தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, செல்போன் கடை மாடியில் ஒரு கேம் சென்டர் இருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்தில் அண்ணன், சித்தி மகன், அண்ணனின் கூட்டாளி ஒருவன், பெண்பிள்ளையாக நான் ஒருத்தி என்று நால்வர் ஒரே கப்பலில் போவோம். அதுவரை தீவு தீவாக இறங்கிப் புதையல் தோண்டிக்கொண்டிருந்தோம். தடை தொடங்கிய வாரத்தில் அண்ணன், "தோண்டுனது போதும், இனிமே சண்டைதான்" என்று அறிவித்தான். காரணம் இருந்தது. சென்டரில் போட்டி வைக்கப் போகிறார்கள். வெல்லும் அணியை மதுரையில் நடக்கும் பெரிய போட்டிக்கு சென்டர்காரரே கூட்டிக்கொண்டு போவார். அண்ணன் அப்போதுதான் பிளஸ் டூ எழுதியிருந்தான். அந்தப் பரீட்சையின் முடிவைவிட மதுரையைத்தான் அவன் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தான்.

சண்டை ஆட்டத்தின் விதி எளிது. இரண்டு கப்பல்கள். எதிரியின் கப்பலை மூன்று முறை மூழ்கடித்தவர் வென்றவர். ஆள் செத்தால் கொஞ்ச நேரத்தில் உயிரோடு திரும்பி வந்துவிடலாம். கற்றுக்கொண்டதுதான் எளிதாக இல்லை. நோட்டு சொல்கிறது:

"தடை 6. நாலு பேரும் பீரங்கிக்கு ஓடிவிட்டோம். சுக்கானில் ஆள் இல்லை. பாறை."

"தடை 8. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. மூழ்கினோம்."

"தடை 11. ஆளுக்கு ஒரு வேலை என்று முடிவு. அண்ணன் சுக்கான். சித்தி மகன் பீரங்கி. நான் பாய் ஏற்றி இறக்க. கூட்டாளி ஓட்டை அடைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டும். முதல் வெற்றி!!"

தண்ணீர் இறைக்கிறவன் இல்லாமல் ஒரு கப்பலும் நிற்காது என்பதைக் கண்டுபிடிக்க, மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளான எங்களுக்குப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது.

தடை 23, வியாழக்கிழமை, கூட்டாளிக்கு அம்மை போட்டுவிட்டது. போட்டி ஞாயிற்றுக்கிழமை. நாலு பேர் இல்லாத அணிக்கு இடமில்லை. தெருவில் மற்றவர்கள் ஏற்கெனவே அணி சேர்ந்திருந்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"என்னலே, கப்பல் முங்கிட்டா?"

"ஆளு இல்லப்பா."

"என்ன ஆளு?"

"தண்ணி இறைக்கதுக்கு."

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். "இருவத்தஞ்சு வருசமா நான் என்னலே செய்யுதேன்?"

அண்ணன் சிரிக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

மறுநாள் அப்பா கேம் சென்டரின் மாடிப்படி அடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். படகில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். திரையில் கடலைப் பார்த்ததும் அவருடைய முதல் கேள்வி, "மீன் எங்கன கெடக்கு?" என்பது. இரண்டாவது, "இது கச்சானா, சோழகமா?" என்பது. இங்கே காற்றுக்குப் பெயரே கிடையாது என்று சித்தி மகன் சொன்னபோது, பெயர் இல்லாத காற்றை எப்படி நம்புவது என்று வருத்தப்பட்டார்.

கீபோர்டில் எந்தச் சாவி எதற்கு, மவுஸ் எதற்கு என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். காய்ப்பு ஏறிய அந்த விரல்கள் ஒரே நேரத்தில் மூன்று சாவிகளை அழுத்தின. கப்பலிலிருந்து இரண்டு முறை தானே கடலில் குதித்தார். ஆனால் வாளியைப் பிடித்த பிறகு நிலைமை மாறியது. அவர் இறைக்கும் வேகத்தில் ஒரு தாளம் இருந்தது. ஒரே ஒரு குறை: எந்தப் பக்கம் ஊற்றினாலும் ஒன்றுதான் என்று எத்தனை முறை சொன்னாலும், காற்று போகும் பக்கம் தேடிப் போய்த்தான் ஊற்றுவார்.

"அப்பா, நேரம் போவுது. இங்கனயே ஊத்துங்க!" என்பேன்.

"காத்துக்கு எதுக்க ஊத்துனா மூஞ்சிலதான்ளா அடிக்கும்."

"இது கம்ப்யூட்டர்ப்பா!"

"கம்ப்யூட்டருக்கு மூஞ்சி இல்லியா?"

அவருக்கு விளங்காத இன்னொன்று, செத்தவன் திரும்பி வருவது. "திரும்பி வருவானா? அப்ப எதுக்குலே சுடுதிய?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்: "யார் செத்தாலும் கவலைப்பட வேண்டாம்." அப்பா அதைப் படித்துவிட்டு நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

தடை 26, ஞாயிறு. சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்து நேரே போனோம். எட்டு அணிகள். அப்பாவைப் பார்த்ததும் மாடியில் ஒரே சிரிப்பு. "அண்ணாச்சி, டோக்கன் போட்டாச்சா?" என்று, படகுகள் கடலுக்குப் போகுமுன் துறைமுகத்தில் வாங்கும் சீட்டை வைத்து ஒருவன் கிண்டல் செய்தான். முதல் ஆட்டத்தில் எங்கள் கப்பலில் ஒன்பது ஓட்டைகள் விழுந்தும் அது மூழ்காமல் நின்றபோது சிரிப்பு குறைந்தது. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் சென்டர்காரரே அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

எதிரே திருச்செந்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த நால்வர். எல்லோரும் ஒரே நிறச் சட்டை. அவர்களில் இளையவனுக்கு என் வயதுதான் இருக்கும். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தான். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. இனி எந்தக் கப்பல் மூழ்குகிறதோ அதோடு முடிந்தது.

அவர்கள் கப்பல் பின்பக்கம் தாழ்ந்து, பாதி முங்கிவிட்டது. ஒரு சுற்று சுட்டால் போதும். அந்த நேரம் பார்த்து ஒரு குண்டு சுக்கானில் இருந்த அண்ணனைக் கொன்றது. திரும்பி வரும்வரை அவனால் திரையைப் பார்க்க மட்டும்தான் முடியும். "அப்பா, சுக்கானப் பிடிங்க! நேரா வுடுங்க! நேரா!" என்று கத்தினான். அப்பா வாளியை வைத்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தார். கப்பல் நேராகப் போனது. அந்தச் சில நொடிகள் அவர் பிடித்ததைப்போல் ஒழுங்காக அண்ணன்கூடப் பிடித்ததில்லை.

அப்போது தண்ணீரில் ஒரு ஆள் தெரிந்தான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அந்த ஆட்டத்தில் எதிரி நம் கப்பலுக்குப் பக்கத்தில் வந்து பேசினால் ஹெட்போனில் நமக்கும் கேட்கும். எங்கள் நால்வர் காதிலும் கம்பிப் பல்காரனின் குரல் வந்தது.

"மாமா! தூக்குங்க மாமா! எனக்கு நீச்சல் தெரியாது மாமா!"

"பொய்ப்பா! நம்பாதீங்க! சுடு, சுடு!" அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

அப்பா சுக்கானைத் திருப்பினார். கப்பல் வளைந்தது. பீரங்கி எதிரியை விட்டு விலகி வெறும் கடலைப் பார்த்தது. சித்தி மகன் சுட்ட குண்டு எங்கேயோ போய் விழுந்தது. "பாய இறக்குளா!" என்றார் அப்பா. அது மாடியில் பேசுகிற குரல் இல்லை. நான் யோசிக்காமல் இறக்கினேன். கப்பல் நின்றது. ஏணி அந்த ஆளுக்கு நேராக, காற்று மறைவான பக்கத்தில் நின்றது. அவன் ஏறினான். அவன் தோளில் ஒரு வெடிமருந்துப் பீப்பாய் இருந்தது.

திரை வெள்ளையாகி, பிறகு நீலமாகியது. எங்கள் கப்பல் இரண்டாகிப் போனது.

மாடி இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். கம்பிப் பல்காரன் மட்டும் எழுந்து அப்பாவிடம் வந்து நின்றான். "சும்மா சொன்னேன் மாமா."

"பரவால்ல மக்கா. நெசமா நீச்சல் தெரியுமா?"

அவன் தயங்கினான். "தெரியாது."

"திருச்செந்தூர்ல இருந்துக்கிட்டா? படிச்சிக்கலே" என்றார் அப்பா. கீழே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அண்ணன் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினான். நோட்டில் ஒவ்வொரு நாளும் பதிவு செய்திருக்கிறேன்: "தடை 27. பேசவில்லை. தடை 28. பேசவில்லை." அப்பா சமாதானம் சொல்லவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வாசலில் வலை பொத்தினார்.

தடை 35, செவ்வாய், கடற்கரை ஊரான பெரியதாழையிலிருந்து மாமா வந்தார். அவர் எங்களுக்கு எந்த வழியில் மாமா என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு தடைக்காலத்திலும், அப்பா வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து ஒருமுறை வருவார். ஓலையில் கட்டிய நுங்கு கொண்டுவருவார். அம்மா அன்றைக்குச் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைப்பார். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை அப்பா நின்றுகொண்டே பேசுவார். பெரியவர்கள் வந்தால் இப்படித்தான் நிற்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அப்பா வேறு எந்தப் பெரியவருக்கும் அப்படி நின்றதில்லை.

வரிசைப்படி இதை நான் இங்கே சொல்லக் கூடாது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அம்மா எனக்குச் சொன்னார். ஆனால் இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, அப்பா அப்போது வேலை பார்த்த வள்ளம் என்ற நாட்டுப்படகு கவிழ்ந்தது. ஒரு காலி கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலையிலிருந்து வெயில் சாயும்வரை கிடந்திருக்கிறார். தூரத்தில் போன இரண்டு படகுக்காரர்களின் கண்ணில் அவர் படவில்லை. மூன்றாவது, பெரியதாழை வள்ளம். அப்போதுதான் வலை விரித்திருந்தார்கள், மீனும் விழுந்திருந்தது. தண்ணீரில் ஏதோ அசைவது மாமா கண்ணில் பட்டது. ஆளா, மிதக்கும் கட்டையா என்று தெரியவில்லை. வலையை இழுத்து ஏற்றிவிட்டு வர நேரமிருக்கிறதா என்றும் தெரியவில்லை. மாமா கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டு வள்ளத்தைத் திருப்பினார். அந்த வலை பிறகு கிடைக்கவே இல்லை.

கடற்கொள்ளையரைப் பற்றியும் கப்பல்களைப் பற்றியும் பின்னாளில் நிறையப் படித்திருக்கிறேன். தேதி, இடம், கப்பலின் நீளம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் கத்தி எவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று மட்டும் தெரியவில்லை. அது இல்லாவிட்டால் குறித்து வைக்க நான் இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவே போட்டிக் கதையைச் சொன்னார். தன்னைக் கிண்டல் செய்து, நடித்துக் காட்டி, பீப்பாய் வெடித்த இடத்தில் கையை விரித்துச் சொன்னார். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. நுங்கின் தோலைக் கீறிக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பையன் ஏறிட்டானா?"

"ஏறிட்டான் அண்ணாச்சி."

"அப்பச் சரி" என்றார் மாமா. அடுத்த நுங்கை எடுத்தார்.

உள்ளே படுத்திருந்த அண்ணன் எழுந்து வந்து கதவருகே நின்றான். அவன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். அவனுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை. கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்தான். பிறகு, "அப்பா, நாளைக்கு சென்டருக்கு வாரியளா? ஆளு கொறையுது" என்றான்.

"வாரேன்லே" என்றார் அப்பா.

அந்த நாளின் பக்கத்தை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். என் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது.

"தடை 35. மாமா வந்தார். நுங்கு பதினாறு. அண்ணன் பேசிவிட்டான். அப்பா நம் தோல்விக் கதையைச் சொன்னார். பாவம், மாமாவுக்கு ஆட்டத்தின் விதியே புரியவில்லை."