மைக் செட் பேட்டரியில் ஓடிய கல்யாணக் கார்

சென்ற இரண்டு வாரமும் இந்தப் பத்தி ஏன் பாதியாகச் சுருங்கிவிட்டது என்று வாசகர்கள் சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி தேடப் போயிருந்தேன்.

டார்ச் லைட்டுக்கா? ரேடியோவுக்கா? இல்லை ஐயா... ஸ்போர்ட்ஸ் காருக்கு!

கார் என்னுடையதல்ல. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு சைக்கிளே அதிகம். சித்தூரில் என் அடுத்த வீட்டுக்காரர் ராஜரத்தினம், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் விட்டுப்போன பச்சை நிற கார் ஒன்று அவரிடம் இருக்கிறது. யுத்தத்துக்கு முந்தைய வண்டி. கூரை கிடையாது. இரண்டே சீட். வாத்தியார் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். ஓட்டியது அவருடைய ஒரே மகள் சுகந்தி.

சுகந்திக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை அமைந்தது. ஜெயசீலன் என்று பெயர், காலேஜில் லெக்சரர். பெண் பார்க்க வந்த அன்றே சுகந்தி ஒரு நிபந்தனை போட்டாள். கல்யாணம் முடிந்ததும் சர்ச் வாசலிலிருந்து திருப்பதிக்கு மாப்பிள்ளையை அவள்தான் அந்தக் காரில் ஓட்டிக்கொண்டு போவாள்!

"எனக்கு சைக்கிள்கூட வராது. யாராவது ஓட்டித்தானே ஆவணும்?" என்றார் மாப்பிள்ளை. அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. மணப்பெண் கார் ஓட்டுவதாவது? 'எதற்கும் இருக்கட்டும்' என்று திருப்பதியில் ஒரு டாக்ஸிக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கார் படுத்துவிட்டது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரி காலி. ஹாண்டில் போட்டுச் சுற்றலாமே என்பீர்கள். சுற்றினோம். என் தோள்பட்டைதான் கழன்றது. பேட்டரியில் கரண்ட் இல்லாவிட்டால் அந்த வண்டியின் பிளக்கில் பொறியே வராதாம்.

அந்தக் காருக்கு ஒரு பேட்டரி போதாது, இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் ஆறு வோல்ட். சீட்டுக்குப் பின்னால் ஆளுக்கொரு சின்னப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு இணைத்தால்தான் வண்டி கண் திறக்கும். சித்தூர் கடைகளில் இருந்ததெல்லாம் லாரி பேட்டரி. அந்தப் பெட்டிக்குள் அதன் ஒரு காலைக்கூட வைக்க முடியாது. மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தோம். மூன்று வாரம் ஆகும் என்று பதில் வந்தது. ராஜரத்தினம் அன்று சாப்பிடவில்லை.

"அவ வேற ஒண்ணுமே கேக்கல சார். நகை கேக்கல, பொடவை கேக்கல. இந்த ஒண்ணுதான் கேட்டா..." என்றார்.

பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். யாத்ரீகர் பஸ்ஸுக்கு பேட்டரி விற்கும் கடைக்காரர், நான் கொண்டுபோன அளவைப் பார்த்ததும் சிரித்தார். "இது மைக் செட் பேட்டரி சைஸ் சார். ஆனா இப்ப எங்க கெடைக்கும்?"

எங்கே கிடைக்கும்? ஆந்திரா தனியாகப் பிரிந்தாயிற்று. எல்லை மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று தினம் ஒரு கூட்டம். தமிழ்க் கட்சி ஒரு பக்கம் முழங்கினால் தெலுங்குக் கட்சி எதிர்ப்பக்கம் முழங்குகிறது. மைதானத்தில் கரண்ட் ஏது? அத்தனை முழக்கமும் பேட்டரியில்தான் நடக்கிறது. ஜில்லாவில் உள்ள ஆறு வோல்ட் பேட்டரி எல்லாம் அரசியலில் இறங்கிவிட்டது!

நகரியில் முனுசாமி, தமிழ்க் கூட்டங்களுக்கு மைக் செட் வைக்கிறவர். அவரிடம் இருந்தது ஒரே பேட்டரி. திருப்பதியில் வெங்கடரத்தினம், தெலுங்குக் கூட்டங்களுக்கு வைக்கிறவர். அவரிடமும் ஒன்றுதான். கல்யாணத்தன்று சாயங்காலமே நகரியில் இரண்டு கட்சிக்கும் கூட்டம் வேறு.

முதலில் முனுசாமியிடம் போனேன். முடியாது என்று தலையாட்டிக்கொண்டே கேட்டார். பெண்ணே ஓட்டப் போகிறாள் என்றதும் தலை நின்றது.

"பொண்ணே ஓட்டுதா? திருப்பதி வரைக்குமா?"

"ஆமாம்."

"குடுக்கலாம் சார். ஆனா நான் குடுத்துட்டா அந்தாண்ட வெங்கடரத்தினம் மட்டும் காது கிழியக் கத்திக்கினு இருப்பான். எங்காளுங்க என்னைச் சும்மா வுடுவாங்களா? அவன் நிறுத்தினா நானும் நிறுத்தறேன்."

திரும்பவும் திருப்பதி பஸ். வெங்கடரத்தினம் கதையைக் கடைசி வரை கேட்டார். அந்தக் காரை ஒரு தரம் சித்தூரில் பார்த்திருக்கிறாராம். கண் விரிந்தது. பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "வாடு ஆபிதே நேனு ஆபுதானு" என்றார். அவன் நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன்! பாஷைதான் வேறு, பிடிவாதத்தில் இம்மியும் வித்தியாசமில்லை. மறுபடி நகரிக்கு ஓடினேன். இருவரும் சம்மதித்தார்கள். ஆனால் பேட்டரியை என்னிடம் தர மாட்டார்களாம். தாங்களே கொண்டுவந்து தங்கள் கையால் மாட்டுவார்களாம்.

கல்யாணத்தன்று ஜெபம் ஆரம்பித்த பிறகும் இருவரையும் காணோம். சர்ச் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் பூமாலை போட்ட காரும் நானும் மட்டும் நிற்கிறோம். கொஞ்சம் தள்ளி அத்தையின் டாக்ஸி. டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல இருந்தது.

உள்ளே இரண்டாவது பாட்டு பாடும்போது இரண்டு பஸ்ஸிலிருந்து இரண்டு பேரும் பேட்டரியைக் குழந்தைபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பெட்டியில் வைத்து, வயரை முடுக்கி, நடுவே ஒரு பட்டையைப் போட்டு இணைத்து... நிமிர்வதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"சரியாயிருக்கா?" என்றேன்.

"பேஷா கீது சார்."

"ஃபஸ்ட் கிளாஸ் சார்."

சுகந்தி வெள்ளைப் பட்டுப் புடவையும் தலையில் நெட் முக்காடுமாக வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, கோட்டும் பூச்செண்டுமாக. சபையே சுற்றி நின்றது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை அமுக்கினாள்.

சத்தமே இல்லை.

மறுபடி அமுக்கினாள். ஊஹூம். அத்தை டாக்ஸியைப் பார்த்துக் கையசைத்தார். ராஜரத்தினத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை... பார்க்கத் தைரியமில்லை.

சுகந்தி இறங்கினாள். நெட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சீட்டை முன்னால் சாய்த்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு இப்படி மாட்டினது? ரெண்டு பக்கமும் பிளஸ்ஸாக் கீதே!"

முனுசாமி நெஞ்சை நிமிர்த்தினார். "கல்யாண வண்டிக்கு யாராச்சும் மைனஸ் குடுப்பாங்களாம்மா? என் பேட்டரியில பிளஸ்ஸத்தான் வண்டிக்குக் குடுத்தேன்."

"நேனு மட்டும்? மங்களகரமா இருக்கணும்னு நானும் பிளஸ்தான் குடுத்தேன்" என்றார் வெங்கடரத்தினம்.

ஆக, நடுவில் மைனஸும் மைனஸும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆறும் ஆறும் பன்னிரண்டாக வேண்டிய இடத்தில் ஆறில் ஆறு போய்ப் பூஜ்யம். கணக்கு வாத்தியார் வீட்டுக் கல்யாணத்தில்!

ஒன்றைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. எதை? "அவனுதைத் திருப்பும்மா" என்றார் ஒருவர். "என்னுது எதுக்குத் திரும்பணும்?" என்றார் மற்றவர். எல்லைத் தகராறு சர்ச் காம்பவுண்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

சுகந்தி ஸ்பானரைக் கையில் எடுத்தாள். "ரெண்டு பேரும் அந்தாண்ட திரும்பி நில்லுங்க."

நின்றார்கள். மீசை வைத்த இரண்டு பெரிய மனிதர்கள், சபை முழுக்கப் பார்த்திருக்க, மரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். சுகந்தி குனிந்தாள், முடுக்கினாள், கையை மாப்பிள்ளையின் கைக்குட்டையில் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஸ்டார்ட்டரை அமுக்கினாள்.

அப்பா! என்ன சத்தம்! மரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. சபையார் கை தட்டினார்கள். பாதிரியாரும் தட்டினார். முனுசாமியும் வெங்கடரத்தினமும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ராஜரத்தினம் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழுவாத நைனா! வண்டிதான் கிளம்பிடுச்சில்ல!" என்று கத்தினாள் சுகந்தி. சொன்னவள் கண்ணிலும் தண்ணீர். எனக்கும்தான். மாப்பிள்ளை மட்டும் இரண்டு கையாலும் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கார் கேட்டைத் தாண்டித் திருப்பதி ரோட்டில் பறந்தது. அத்தையை ஏற்றிக்கொண்டு டாக்ஸி பின்னால் போனது. கடைசி வரை பிடிக்க முடியவில்லையாம்.

திருப்பதி விருந்துக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம். மைக் செட்காரர்கள் இருவரும் ஒரே சீட். திருப்பிய பேட்டரி யாருடையது என்று விருந்து இலை போடும் வரை வாதம் ஓயவில்லை.

அன்று நகரியில் இரண்டு கூட்டமும் மைக் இல்லாமலே நடந்ததாம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் கேட்காததால் எல்லோரும் தலைவர்களுக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தார்களாம். இங்கே கொஞ்ச நேரம், அங்கே கொஞ்ச நேரம் என்று இரண்டிலும் ஒரே ஆட்கள்! யாரும் தொண்டை கிழியக் கத்தவில்லை, கல் எறியவுமில்லை.

மெட்ராஸ் பேட்டரிகள் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டன. இரவல் பேட்டரிகளைச் சுகந்தியே காரில் கொண்டுபோய் இருவரிடமும் கொடுத்தாள். முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தபோது, "மாமா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று ஆரம்பித்தாள். "மாத்திக் குடுத்துட்டேன்."

"தெரியாமலா?"

கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சிரித்தாள்.

நேற்று நகரிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 'நகரி தமிழருக்கே' என்று முனுசாமியின் மைக் முழங்கியது. இவ்வளவு கணீரென்று அது என்றைக்கும் முழங்கியதில்லை. வெங்கடரத்தினத்தின் பேட்டரி அல்லவா... நான் யாரிடமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!